பெயர் போடாமல் நான் எழுதிய மூன்று வரிகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், தைப்பூசம் முடிந்த மறுவாரம், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் நடந்த கூட்டத்தில் இது தொடங்கியது. தொடங்கியது என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை. முப்பது ஆண்டுகளாக என் வயிற்றுக்குள் எரிந்துகொண்டிருந்த ஒன்றுக்கு அன்றைக்கு ஒரு பேனா கிடைத்தது, அவ்வளவுதான்.

நான் வானொலியில் தயாரிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பெண்களுக்கான நிகழ்ச்சியைத்தான் கடைசிவரை செய்தேன். என்னுடன் ஒரே வாரத்தில் பகுதி நேர அறிவிப்பாளராகச் சேர்ந்தவள் ஒருத்தி உண்டு. இருவரும் ஒரே பஸ்ஸில் வருவோம், ஒரு பொட்டலம் நாசி லெமாக்கைப் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். முதல் ஐந்து ஆண்டுகள் அவள் எனக்கு "நீ". பிறகு அவள் பிரிவுத் தலைவி ஆனாள். வெளிநாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் கண்ணாடிச் சுவர் வைத்த தனி அறை. அதன் பிறகு ஒட்டுமொத்தத் தமிழ் நிகழ்ச்சிகளுக்கும் அவள்தான் பொறுப்பு. எல்லோர் முன்னிலும் நான் அவளை "மேடம்" என்று கூப்பிட வேண்டி வந்தது. தனியாக இருக்கும்போது மட்டும் பழைய "நீ". அந்த "நீ"யைச் சொல்ல வாய்ப்புக் கிடைப்பதே ஆண்டுக்கு இரண்டு முறைதான்.

அந்தப் பதவிக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். இதை இதுவரை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது புதுப் புடவை வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். அவள் அலுவலக உடையிலேயே போய்விட்டு, பத்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அவள் நல்ல அதிகாரி இல்லை என்று என்னால் சொல்ல முடிந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். சொல்ல முடியாது. நல்ல அதிகாரிதான். யாரையும் விரட்டமாட்டாள், வேலையும் நடக்கும். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

ஒரே ஒரு ஆறுதல் எனக்கு இருந்தது. நான் கதை எழுதுவேன், அவள் எழுதமாட்டாள். ஞாயிறு பத்திரிகைகளில் என் கதைகள் வரும். இரண்டு தொகுப்பும் போட்டிருந்தேன். பதவியை அவள் வைத்துக்கொள்ளட்டும், எழுத்து என்னுடையது என்று மனத்துக்குள் பாகம் பிரித்து வைத்திருந்தேன். அவளுக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது என்பது வேறு விஷயம்.

இருவரும் ஓய்வு பெற்று ஒன்றரை ஆண்டு ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் பத்திரிகையைப் பிரித்தால், அரைப் பக்கத்துக்கு அவள் படம். பக்கத்தில் அவள் எழுதிய முதல் சிறுகதை. என் கதையோடு ஒரு முறைகூட என் படம் வந்ததில்லை. கடையில் நின்றபடியே படித்தேன். பிழை தேடித்தான் படித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓர் இடத்தில் ஒற்று மிகாமல் இருந்தது. அதைக் கண்டுபிடித்தபோது வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பிறகு அவள் கதைகள் மாதம் ஒன்றாக வர ஆரம்பித்தன. கூட்டங்களில் என்னைப் பார்ப்பவர்கள், "உங்க மேடம் பிரமாதமா எழுதுறாங்களே" என்று என்னிடமே சொன்னார்கள்.

ஒருநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் டீ குடிக்கக் கூப்பிட்டாள். போனேன்.

"நாவல் ஒண்ணு முடிச்சிட்டேன். போட்டிக்கு அனுப்பலாம்னு இருக்கேன். நீ என்னா சொல்ற?" என்று கேட்டாள்.

"அனுப்பு லா. உனக்கு என்னா கவலை" என்றேன். அவளுக்கு எதற்கும் கவலைப்பட வேண்டியிருந்ததில்லை என்பதுதான் நான் சொல்லாமல் விட்டது.

அதற்கு மறுமாதம்தான் அந்த மாடிக் கூட்டம். எழுத்தாளர் அமைப்பு ஒன்று நடத்திய நாவல் போட்டிக்கு என்னை நடுவராகக் கேட்டார்கள். என் தோழி எழுதி அனுப்பியிருக்கிறாள், அதனால் நான் இருப்பது முறையில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை. அன்று வந்திருந்த கைப்பிரதிகளை எங்கள் மூவருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். முதல் சுற்றில் ஒரு பிரதியை ஒருவர்தான் படிப்பார். அவர் வேண்டாம் என்றால் அதோடு அது வெளியே. பரிசு பெறாதவர்களுக்கும் நடுவரின் கருத்தை அனுப்பி வைப்பது அந்த ஆண்டு புதிய ஏற்பாடு. நடுவர் யார் என்பது மட்டும் அதில் இருக்காது.

எனக்கு எட்டு வந்தன. ஏழாம் எண் பிரதியைத் திறந்ததும், படிப்பதை விட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தேன்.

காரணம் இதுதான். வானொலிக்கு எழுதுகிறவர்கள் ஒரு வாக்கியத்தை ஒரு தாளில் தொடங்கி அடுத்த தாளில் முடிக்கமாட்டார்கள். பாதி வாக்கியத்தில் தாளைத் திருப்பினால் குரல் தட்டும், தாள் சத்தம் மைக்கில் ஏறும். அதனால் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இடம் மிச்சமிருந்தாலும் விட்டுவிட்டு அடுத்த வாக்கியத்தைப் புதுத் தாளில் தொடங்குவோம். எண்களை எண்ணாக எழுதமாட்டோம், வாசிக்கிறவர் தடுமாறாமல் இருக்க எழுத்தில் எழுதுவோம். ஏழாம் எண் பிரதி முழுக்க அப்படியே இருந்தது. ஒவ்வொரு தாளின் அடியிலும் வெள்ளை. லோரியின் எண்கூட எழுத்தில்.

இது அவள்தான் என்று எனக்கு நானே அடித்துச் சொல்லிக்கொண்டேன். எங்கள் நிலையத்துக்கு வந்துபோன நூறு பேருக்கு அதே பழக்கம் உண்டு, எனக்கே உண்டு. அது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. என் கண்ணுக்கு உலகத்தில் வேறு யாருமே எழுதுவதாகத் தெரியவில்லை.

நாவல் பண்டமாரானில் நடக்கிறது. துறைமுகத்தில் லோரி ஓட்டும் ஒருவனின் மனைவி. கணவன் கன்டெய்னரோடு போனால் எப்போது வருவான் என்று தெரியாது. அவன் படுக்கையில் விழுந்த பிறகு, அதே லோரிக் கம்பெனி வாசலில் அவள் நாசி லெமாக் விற்கிறாள். அவ்வளவுதான் கதை. கணவனின் கால்சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து அவள் எடுத்து வைக்கும், லோரி உள்ளே போகத் தரும் துறைமுக வாயில் சீட்டுகளைப் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. அதை இரண்டாம் முறை படித்தேன். படித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றேன். என்னால் இப்படி ஓர் அத்தியாயம் எழுத முடிந்ததில்லை. பெட்டாலிங் ஜெயாவில் கொண்டோ அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு, காரை விட்டு இறங்காதவள், யாரிடமோ உட்கார்ந்து கேட்டு இதை எழுதிவிட்டாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

கருத்துத் தாளில் இப்படி எழுதினேன்: "பண்டமாரான் வாழ்க்கையை எழுத முயன்றிருக்கிறார். ஆனால் இது வாழ்ந்து எழுதியது அல்ல, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கேட்டு எழுதியது. ஆசிரியர் தனக்குத் தெரிந்த உலகத்தை எழுதுவது நல்லது."

எழுதி முடித்ததும் அன்றைக்கு நன்றாகப் பசித்தது. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மற்ற ஏழில் இரண்டை மேல் சுற்றுக்கு அனுப்பினேன். அதில் ஒன்று டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் குமாஸ்தாவின் கதை. வாக்கியங்கள் நீளம் நீளமாக, ஒரு பக்கத்தில் தொடங்கி மறு பக்கத்தில் முடியும். மனசாரப் பாராட்டி எழுதினேன். யாரோ புதியவர் வந்திருக்கிறார், மேடத்துக்கு நல்ல போட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

பரிசளிப்பு விழா பிரிக்ஃபீல்ட்ஸிலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. முதல் பரிசு அந்த டெங்கில் நாவலுக்கு. பெயரை அறிவித்தார்கள். எழுந்து மேடைக்குப் போனது அவள்.

நான் கை தட்டினேன். தட்டினேனா என்றுகூட நினைவில்லை. ஏற்புரையில், டெங்கில் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்ததாகச் சொன்னாள். முப்பது ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்திருக்கிறோம், அவள் எங்கே பிறந்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வானொலி எழுத்தை மறப்பதற்காகவே நீளமான வாக்கியங்கள் எழுதிப் பழகியதாகவும் சொன்னாள். நான் கொடுத்த பாராட்டை நடுவரின் கருத்து என்று மேடையில் வாசித்தார்கள். ஒவ்வொரு சொல்லும் எனக்கு நெருஞ்சி முள்.

அப்படியானால் ஏழாம் எண் யாருடையது? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். பதில் மூன்றாம் நாள் காலையில் தொலைபேசியில் வந்தது.

கூப்பிட்டவள் எங்கள் நிலையத்தில் பல ஆண்டுகள் நாடகங்களில் நடித்தவள். வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி என்று நாலு வரி வேடங்கள்தான் கிடைக்கும். அந்த நாலு வரிக்குப் பண்டமாரானிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வருவாள். என் நிகழ்ச்சிக்கு ஐந்து நிமிட நாடகங்கள்கூட எழுதித் தந்திருக்கிறாள். அவள் கணவர் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள்தான்.

"அக்கா, நீங்க எழுதுறவங்க. அதான் உங்ககிட்ட கேக்கலாம்னு" என்றாள். "ஒரு நாவல் எழுதி அனுப்பினேன். நடுவர் ஒரு கருத்து எழுதியிருக்காங்க. எனக்கு அர்த்தம் புரியல. வாசிக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்வதற்குள் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். பழக்க தோஷம், ஒலிப்பதிவுக்கு வாசிப்பது போலத் திருத்தமாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தாள். நான் எழுதியதை அதைவிட நன்றாக யாரும் வாசித்ததில்லை. வாசித்து முடித்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்ச உலகம் வேற எது அக்கா? அத யாராச்சும் சொன்னா எழுதிடுவேன்" என்றாள். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அமைப்பின் செயலாளரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். முடிவு அறிவித்தாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். அவர் குரலில் மரியாதை பாதியாகக் குறைந்திருந்தது. அதன் பிறகு என்னை எந்தப் போட்டிக்கும் கூப்பிடவில்லை. நியாயம்தான்.

அவளுக்குத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், கிள்ளானுக்கு ரயில் பிடித்து, அங்கிருந்து வாடகைக் கார் எடுத்துப் பண்டமாரான் போனேன். தீபாவளிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அவள் வீட்டில் முறுக்கு ஆர்டர் தொடங்கிவிட்டது. கார் நிறுத்தும் இடத்தில் அடுப்பைப் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

எண்ணெய் வடிவதற்காக மேசை மேல் தாள் விரித்து அதில் முறுக்கைப் பரப்பியிருந்தாள். வெள்ளைத் தாள். எண்ணெய் ஊறிய இடங்களில் அடியிலிருந்த எழுத்து தெரிந்தது. ஒவ்வொரு தாளின் அடியிலும் இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தது.

"என்னா தாள் இது?" என்றேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"அதுதான்க்கா. திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு பக்கம் சுத்தமா இருக்கே, வீணாக்குவானேன்னு..."

"வேற பிரதி வச்சிருக்கியா?"

"தட்டச்சு பண்ணிக் குடுத்த கடையில இருக்கலாம். கேக்கணும். கேட்டு என்னா பண்றது?"

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டு சொன்னேன். "அந்த மூணு வரிய எழுதினது நான்தான்."

அவள் அடுப்பைக் குறைத்தாள். சட்டியில் இருந்த முறுக்கைத் திருப்பிப் போட்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னோடதுன்னு தெரியுமா?"

"தெரியாது. மேடத்தோடதுன்னு நெனச்சேன்."

"மேடத்தோடதா இருந்தா அப்படி எழுதலாமா?"

முறுக்குச் சிவந்துகொண்டே வந்தது. அவள் எடுக்கவில்லை.

"முழுசா படிச்சீங்களா?"

"ரெண்டு தடவ படிச்சேன்."

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு. அதனாலதான் அப்படி எழுதினேன்."

அந்த ஈடு கருகிப்போனது. அவள் அரித்தெடுத்துக் குப்பையில் கொட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் கலங்கவில்லை.

"பதினோரு வருசம்க்கா. அவரு படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து எழுதினது. அவரு போன பெறகும் எழுதினேன். உங்க கருத்து வந்த அன்னிக்கி, இவ்வளவு நாளும் நான் வாழ்ந்ததே தப்போன்னு இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்டேன். அழுதேன். அவள் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

"வாயால சொல்றதெல்லாம் காத்தோட போயிடும். நாம ரேடியோவுல எவ்வளவு பேசினோம், என்னா மிச்சம் இருக்கு? எழுதிக் குடுங்க. இப்ப என்கிட்ட சொன்னத அப்படியே. பேர் போட்டு."

முறுக்கு படாத ஒரு தாளை உருவித் தந்தாள். என் கைப்பையிலேயே பேனா இருந்தது. யாருடையது என்று நினைத்தேன், மேடம் மேல் முப்பது ஆண்டுகளாக இருந்த பொறாமையில் ஏன் அப்படி எழுதினேன், அந்த வாயில் சீட்டு அத்தியாயத்தைப் படித்தபோது எனக்கு என்ன ஆனது, எல்லாவற்றையும் எழுதினேன். என் வாழ்க்கையில் அடித்துத் திருத்தாமல் எழுதியது அது ஒன்றுதான். அடியில் முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டேன். அவள் மன ஆறுதலுக்காக வைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

வாசித்துப் பார்த்துவிட்டு, "இத என் புத்தகத்துக்கு அணிந்துரையா போடப்போறேன்க்கா" என்றாள்.

எல்லோரும் படிப்பார்கள். என் பழைய சகாக்கள், என் கதைகளைப் போட்ட ஆசிரியர்கள், மேடம். முக்கியமாக மேடம். "நல்லா விரிவா வேற ஒரு அணிந்துரை எழுதித் தரேனே" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

"வேற வேணாம். என் புத்தகம் நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு இதைவிட என்னா வேணும்? உங்களுக்கு முடியலன்னா சொல்லுங்க, போடல."

முடியாது என்றுதான் நாக்கு நுனிவரை வந்தது. மேசை மேல் இருந்த தாள்களைப் பார்த்தேன். "போடு" என்றேன். பிறகு நாங்கள் இருவரும் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய துணியால் எண்ணெயை ஒற்றி, பக்க வாரியாக அடுக்கினோம். ஏழு தாள்கள் வாசிக்க முடியாத அளவுக்கு ஊறிப்போயிருந்தன. நல்ல வேளையாகத் தட்டச்சுக் கடையில் பிரதி இருந்தது.

மறு ஆண்டு கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் அந்த நாவலை வெளியிட்டாள். முதல் நூலைப் பெற்றுக்கொள்ள மேடத்தை அழைத்திருந்தாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாழ்த்துரைகள் நடந்துகொண்டிருக்க, மேடம் மேடையிலேயே புத்தகத்தைப் பிரித்து அணிந்துரையைப் படிக்கத் தொடங்கினாள். ஒன்றரைப் பக்கம்தான். அவள் படிப்பதை அங்கிருந்தே பார்த்தேன். ஒருமுறை தலையை உயர்த்திக் கூட்டத்தில் யாரையோ தேடினாள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். வார் சரியாகத்தான் இருந்தது.

விழா முடிந்து சாப்பாட்டு வரிசையில் மேடம் என் பின்னால் வந்து நின்றாள்.

"முப்பது வருசமா?" என்றாள்.

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"என்னான்னு சொல்றது?"

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த புத்தகத்தை விரித்து, அந்த வாயில் சீட்டு அத்தியாயத்தில் விரலை வைத்தாள். "இது என்னோடதுன்னா நெனச்ச நீ?"

"ஆமா."

"நெனச்சதுக்கு சந்தோஷம். எனக்கு இப்படி வராது லா" என்றாள். சொல்லிவிட்டு, மண்டபத்தின் மறுகோடியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பண்டமாரான்காரியைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. முகத்தில் புன்னகையை வைத்துக்கொண்டு உள்ளே வெந்துபோவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் அது வரும் என்பது முப்பது ஆண்டுகளில் எனக்குத் தோன்றியதே இல்லை. நான் ஒரு தட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

பொறாமை எனக்கு இன்னும் போகவில்லை, போன மாதம்கூட மேடத்தின் இரண்டாவது நாவலைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஆனால் அது வரும்போதெல்லாம் நான் படித்துக்கொண்டிருப்பது நல்ல எழுத்து என்று இப்போது எனக்குத் தெரிகிறது, அதை எழுதியவரிடம் வாய்விட்டுச் சொல்லும் வரை எனக்குத் தூக்கம் வருவதில்லை.